கித்தார் கச்சேரியும் கறிபாப்பும்

இசைக்குழுவின் மேடைப் பொறுப்பாளர் என்றால் இசைக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. கோயில் திருவிழாவிலோ, மகள் கல்யாணத்திலோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவிலோ நாற்காலி போட்டுவிட்டு, யாரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் வியர்த்து நின்ற அன்பர்களே, நீங்கள் என் இனம். உங்களிடம் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு கச்சேரியைப் பற்றி. ஜார்ஜ்டவுனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. இரண்டு கித்தார் கலைஞர்கள், ஐம்பத்தெட்டு பேர் கொண்ட இசைக்குழு, மூன்று புத்தம் புதிய படைப்புகள். புத்தம் புதிய படைப்பு என்றால், தப்பாக வாசித்தாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று அர்த்தம்.

யாரு பாடுறது?

சுவரொட்டியில் விசாரணைக்கு என்று என் கைப்பேசி எண்ணைப் போட்டுவிட்டார்கள். முதல் அழைப்பு பட்டர்வொர்த்திலிருந்து வந்தது. ஓர் அண்ணன் குடும்பத்தோடு வர ஆறு டிக்கெட் வேண்டும் என்றார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. பேச்சோடு பேச்சாக, எந்தப் பாடகர் வருகிறார் என்று கேட்டார். பாடகர் யாரும் இல்லை, கித்தாரும் இசைக்குழுவும் மட்டும்தான் என்றேன். பழைய பாட்டா புதுப் பாட்டா என்றார். பாட்டே இல்லை அண்ணே என்றேன்.

டிக்கெட் விலையை மறுபடி ஒருமுறை கேட்டார். நான் ஏதோ ஏமாற்று வேலை செய்கிறேன் என்று அவர் முடிவுக்கு வந்திருக்க வேண்டும். வயலின், செல்லோ, குழல், பித்தளை ஊதுகருவி, முரசு என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் சொன்னார்:

“ஒருத்தரும் பாடலைன்னா, எதுக்குக்கா ஐம்பத்தெட்டு பேரு?”

மெதுவாக ஊதுதல்

கித்தார் பாவப்பட்ட வாத்தியம். தனியாக வாசித்தால் அறையே நிறையும். பின்னால் ஐம்பத்தெட்டு பேர் உட்கார்ந்தால் கொசு பாடுவது போல ஆகிவிடும். ஒரு ஒலிவாங்கியை முன்னால் வைத்தால் தீர்ந்தது. ஆனால் குழுவைக் கையசைத்து நடத்தும் எங்கள் கண்டக்டர் மிஸ்டர் கூ அதற்கு ஒப்பவில்லை. ஒலிவாங்கி வைப்பது கலைக்கு அவமானம் என்றார். முதல் படைப்பு, கித்தாருக்கென்று முப்பத்தைந்து நிமிடத்துக்கு அவரே எழுதியது. அதனால் அந்த அவமானம் அவரை நேரடியாகத் தாக்கியது.

ஆகவே இசைக்குழுதான் மெதுவாக வாசிக்க வேண்டும் என்று உத்தரவானது. வயலின்காரர்கள் வில்லை நரம்பில் படவிடாமலே ஓட்டினார்கள். பின்வரிசையில் டிராம்போன் ஊதும் பாலன், தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்பவர், நெஞ்சு அகலமான மனிதர். அவர் ஒருதரம் ஊதினால் கித்தார் இருந்த இடம் தெரியவில்லை. மூன்று முறை எழுந்துபோய்க் காதோரம் சொல்லிப் பார்த்தேன். நாலாவது முறை அவருக்கே வருத்தமாகிவிட்டது.

“நான் மெதுவாத்தான்க்கா ஊதுறேன். வாத்தியம்தான் பேச்சைக் கேக்க மாட்டேங்குது லா.”

மூச்சுக்கு இடமில்லை

இரண்டாவது படைப்பை எழுதியவர் ரவின், கச்சேரிக்குப் பணம் கொடுத்து ஆதரவளித்த, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரின் தங்கை மகன். ரவின் அதை முழுக்கக் கணினியில் எழுதினார். கணினிக்கு எதையும் வாசிக்க முடியும். அதற்கு விரல் வலிக்காது, உதடு காயாது. முதல் ஒத்திகையில் செல்லோக்காரர்கள் தங்களிடம் இல்லாத நரம்பில் ஒரு சுரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஓபோ என்ற குழலை ஊதுகிறவர் கெலுகோரில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். பிறவியிலேயே அமைதி. அவருடைய தாளில் மூன்று பக்கம் ஒரே நீட்டாக, ஒரு புள்ளிகூட இடைவெளி இல்லாமல் சுரம் ஓடியது. ஊதினார், சிவந்தார், நிறுத்தினார். ரவின் ஓடிவந்து, கணினியில் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது என்றார். அந்தப் பெண் தாளை மடித்து அவர் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“மூச்சு விடுற இடத்தைக் காணோம் தம்பி. மூச்சை வீட்டுல வச்சிட்டு வரவா?”

விரலுக்கு ஒரு பந்து

மிஸ்டர் கூவின் படைப்பை வாசிக்க வந்த கலைஞர் டேரன், கோலாலம்பூர்க்காரர். ஸ்பெயினில் படித்தவர். வந்த மூன்று நாளும் அவர் கதவு திறக்கவில்லை, பெட்டி தூக்கவில்லை, ரம்புத்தான் பழம்கூட உரிக்கவில்லை. எல்லாம் வலதுகை நகத்துக்காக. கித்தாரின் நாதமே நகத்தில்தான் இருக்கிறதாம். ரம்புத்தானை நான்தான் உரித்தேன்.

மூன்றாவது படைப்பை வாசிக்க இருந்த சுமதி பட்டர்வொர்த்தில் கித்தார் சொல்லிக்கொடுப்பவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளுக்கும் அதே வாத்தியம், அதே நகம். அந்த நகத்தோடுதான் மீன் கழுவி, துணி துவைத்து, கித்தாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறி வருவாள்.

கச்சேரி அன்று காலை டேரனைக் கொசு கடித்தது. சொறிந்தார். நகம் உடைந்தது. மனிதர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து அழாத குறை. சுமதிதான் பதறாமல், ஒரு பிங்பாங் பந்து வேண்டும், அதில் ஒரு துண்டு வெட்டிப் பசை போட்டு ஒட்டலாம் என்றாள். நான் வேடிக்கை என்று நினைத்தேன். டேரனோ அதைக் கேட்டதும் உயிர் வந்தவராக நிமிர்ந்தார். கித்தார்க்காரர்கள் எல்லோரும் அறிந்த வைத்தியமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜார்ஜ்டவுனில் பந்து தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் வயதான சீன முதலாளி ஆறு பந்து உள்ள பெட்டியைத்தான் தருவேன் என்றார். ஒன்று போதும் என்று மலாயில் மன்றாடினேன். மட்டை வேண்டாமா என்றார். விளையாட இல்லை, ஒருவர் விரல் நகம் உடைந்துவிட்டது என்று விளக்கினேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“ஆறாகவே எடுத்துக்கம்மா. இன்னும் ஒன்பது விரல் பாக்கி இருக்குல்ல.”

ஐந்து நிமிட உரை

நிகழ்ச்சி நிரலில் டத்தோவின் வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம். மண்டபத்தை ஐந்தரைக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். அடுத்து ஒரு கல்யாண விருந்து. இதை டத்தோவின் உதவி அதிகாரியிடம் நான் இரண்டுமுறை எழுத்தில் கொடுத்திருந்தேன். டத்தோ மூன்றரைக்கு வந்தார். மேடை ஏறி, தான் சின்ன வயதில் கித்தார் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதைச் சொன்னார். ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்பதைச் சொன்னார். அதனால் வாழ்க்கையில் எப்படி முன்னேறினார் என்பதையும் சொன்னார். பிறகு நினைவுப் பரிசு, பிறகு படம். ஐம்பத்தெட்டு பேர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் நான் அதிகாரியைப் பிடித்து, ஐந்து நிமிடம் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“ஐந்து நிமிஷம்னு எழுதினது உண்மைதாம்மா. டத்தோ எழுதினதைப் படிக்கிறவர் இல்லை.”

பஸ்ஸில் வந்தவர்கள்

மிஸ்டர் கூவின் படைப்பு முடிந்தபோது மணி நாலே முக்கால். அவர் வியர்வையைத் துடைத்தபடி என்னைத் தனியாக அழைத்து, நேரம் போதாது, மூன்றாவதாக உள்ள குமரவேலின் படைப்பை எடுத்துவிடலாம், நீயே அவரிடம் சொல்லிவிடு என்றார். இடைவேளையைக் குறைக்கலாமே என்றேன். அது முடியாதாம். முக்கிய விருந்தினர்களுக்கு மேல்மாடிக் கூடத்தில் தேநீரும், உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப்பும் ஏற்பாடாகியிருந்தன. இருபத்தைந்து நிமிடமாவது வேண்டும் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் படைப்பு கண்டக்டருடையது, வாசித்தாயிற்று. இரண்டாவது டத்தோ வீட்டுப் பிள்ளையுடையது, தொட முடியாது. மிச்சம் இருந்தது குமரவேல்தான்.

குமரவேல் நிபோங் திபாலில் பள்ளி ஆசிரியர். பள்ளி முடிந்து வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று வருடமாக எழுதியது அந்தப் பதினெட்டு நிமிடம். ஒவ்வொரு தாளையும் கையால் எழுதி, எந்த இடத்தில் யார் மூச்சு விட வேண்டும் என்பதுவரை குறித்திருந்தார். அவருடைய அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் பள்ளி பஸ்ஸில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். இலவச டிக்கெட் என்பதால் மாடத்தின் கடைசி வரிசைகள் அவர்களுக்கு.

குமரவேல் மாடிப்படி அருகே, பூவேலை அச்சிட்ட புது பத்தேக் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். நான் என்னென்னவோ பேசினேன், விஷயத்தைத் தவிர. அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார். அவர் கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“பரவாயில்லக்கா. பஸ்ஸுல வந்தவங்ககிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது.”

மணி அடித்தேன்

படியேறி அந்த நாற்பது பேர் முன்னால் போய் நின்றேன். குமரவேலின் அம்மா என் கையைப் பிடித்து, மகனுடையது அடுத்ததா என்று கேட்டார். வாயைத் திறந்தேன். வந்தது வேறு வார்த்தை. முன்வரிசைகள் காலியாக இருக்கின்றன, படம் எடுப்பதற்கு நன்றாக இருக்காது, எல்லோரும் கீழே வந்து உட்காருங்கள் என்றேன். அவர்களை இறக்கி விட்டு நேரே போய் இடைவேளை முடிந்த மணியை அடித்தேன். இடைவேளை தொடங்கி ஆறே நிமிடம்தான் ஆகியிருந்தது. 

இசைக்குழுக்காரர்கள் மணிக்குப் பழகியவர்கள். அடித்தால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மிஸ்டர் கூவும் அப்படித்தான் வந்தார். மேல்மாடியில் கறிபாப்பு சூடாக இருந்தபடியால் அங்கே யாருக்கும் மணி கேட்கவில்லை. கதவு சாத்தப்பட்டது. வாசித்துக்கொண்டிருக்கும்போது தாமதமாக வருகிறவர்களை விடக்கூடாது என்பது விதி. ரவினின் படைப்பு டத்தோ இல்லாமலே தொடங்கி, டத்தோ இல்லாமலே முடிந்தது.

மிஸ்டர் கூ கடைசி வணக்கம் சொல்லத் திரும்பினார். அதற்குள் நான் சுமதியின் நாற்காலியையும் கால் வைக்கும் பலகையையும் நடுவில் வைத்துவிட்டேன். அவள் கித்தாரோடு நடந்து வந்து உட்கார்ந்து, சுதி சேர்க்கத் தொடங்கினாள். அவர் குனிந்து, நேரம் இல்லை என்றார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“மணி அஞ்சு அஞ்சுதான் சார். பதினெட்டு நிமிஷம். கையைத் தூக்குங்க.”

முன்வரிசை

நிபோங் திபாலில் குமரவேலின் வீட்டுக்குப் பின்னால் ஓர் எண்ணெய் ஆலை உண்டு. அதன் இயந்திரச் சத்தத்தைச் செல்லோக்கள் எடுத்துக்கொள்ள, அதன்மேல் சுமதியின் கித்தார் கடைசிவரை தனியாக நடந்தது. தூக்கம் வராதவன் வீட்டுக்குள் உலாவுவது போல. பித்தளைகள் ஆலைச் சங்காக ஊதிய இடத்தில் முன்வரிசையில் ஒருவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அவர் அந்த ஆலையில் வேலை செய்கிறவராம். நான் திரைக்குப் பின்னால் நின்று, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு கச்சேரியைக் கேட்டேன்.

முதல் பகுதி முடிந்து சின்ன இடைவெளி வந்தபோது கதவைத் திறந்தார்கள். டத்தோவும் கூட்டமும் உள்ளே வந்து, தங்கள் இடத்தில் யாரோ இருப்பதைக் கண்டு பின்சுவரோரம் நின்றார்கள். அதிகாரி குனிந்தபடி ஓடிவந்து குமரவேலின் அம்மாவிடம், இது டத்தோவின் இருக்கை என்றார். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

“இருக்கட்டும் தம்பி. அவரு பேசினப்ப நாங்க அவ்வளவு தூரத்துல உக்காந்துதானே கேட்டோம்.”

பாராட்டு

ஐந்து இருபத்து மூன்றுக்கு முடிந்தது. கைதட்டல் உடனே வரவில்லை, வந்தபிறகு நிற்கவில்லை. சுமதி குமரவேலைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாலனின் டிராம்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எனக்கு வரப்போகும் திட்டை எதிர்பார்த்து ஓரமாக நின்றேன். டத்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி, கண்ணில் நீர்கூட இருந்தது என்று நினைக்கிறேன். குமரவேலைத் தாண்டினார். சுமதியைத் தாண்டினார். ரவினின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். ரவின் தன் படைப்பில் கித்தாரே கிடையாது என்று சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் படம் எடுக்கிறவர்களைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார்.

“அந்தக் கித்தாரைத் தனியா நடக்க விட்டே பாரு, அதுலதான்டா நம்ம குடும்ப ரத்தம் தெரிஞ்சுது.”

விளக்கக் கடிதம்

மறுவாரம் நிர்வாகக் குழு என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டது. இடைவேளை மணியைப் பத்தொன்பது நிமிடம் முன்னதாக அடித்தது ஏன்? மண்டபத்தை நேரத்துக்குக் காலி செய்வதற்காக என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அது பொய்யும் இல்லை. ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கோப்பில் போட்டுவிட்டேன். டத்தோ அடுத்த வருடக் கச்சேரிக்கும் ஆதரவு தருவதாகச் சொல்லி, ‘அதே மாதிரி கித்தார் படைப்பு’ ஒன்று கேட்டதால் குழு அதற்குமேல் தோண்டவில்லை. இந்தமுறை குமரவேலிடமே கேட்டிருக்கிறார்கள்.

மிஸ்டர் கூ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் போனபின் பக்கத்தில் வந்து நின்று, தாள்களை அடுக்குகிற சாக்கில் தணிந்த குரலில் சொன்னார்:

“அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிடு ரீத்தா. தெரியாத மாதிரி நடிக்க எனக்கும் கொஞ்சம் ஒத்திகை வேணும்.”

ஆக, ஒரு புதிய படைப்பு மேடையேற நல்ல இசை வேண்டும், நல்ல கலைஞர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முக்கிய விருந்தினர்களுக்கு நல்ல பசி வேண்டும்.