ஓசூர் ரோஜா எந்த நாட்டுப் பூ?

வர்த்தக ஒப்பந்த விதி தெளிவானது: செடி எங்கிருந்து வந்தாலும், ஒரு நாட்டு மண்ணில் வளர்த்துப் பறித்த பூ அந்த நாட்டுப் பூ. அதற்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் நாற்று ஹாலந்தில் வாங்கியதாம். ஓசூர் ரோஜாவுக்கு இந்தியச் சான்றிதழ் தர அதிகாரி தயங்கினார். சுங்கத்துறையில் ஓய்வுபெற்ற நான், பூவை வெளிநாட்டுக்கு அனுப்பவிருந்த தோட்டக்கார அம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தேன்.

பேசும்போது ரோஜாக் காம்பின் முள்ளைக் கிள்ளுவது அந்த அம்மாவின் பழக்கம். அதிகாரியின் மேஜைமேலேயே கிள்ளிப் போட்டார்.

“எங்க மருமக மைசூர்க்காரி சார். பேத்தி பொறந்தது ஓசூர் ஆஸ்பத்திரியில. அவ எந்த ஊரு?”

“மேலிடத்துக்கு எழுதித்தான் கேக்கணும்மா.”

“பேத்தியையா?”

சலுகை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் இன்றே அனுப்பிவிடலாம் என்று அம்மாவின் காதில் சொன்னேன்.

“எம் பூ எங்க ஊருது இல்லன்னு நானே ஒத்துக்கணுமா?” என்று என்னையும் முறைத்தார்.

காதலர் தினத்துக்கான பெட்டிகள் விமானம் ஏறவில்லை. பூ முழுக்க உள்ளூர்ச் சந்தைக்குப் போனது.

“பதில் வரட்டும் சார். அடுத்த வருசம் அதக் காட்டியே ஏத்துறேன்” என்றார்.

முப்பது வருடம் விதிகளைக் காத்த நான், ஒருநாளும் அவற்றை அப்படி நம்பியதில்லை.

ஓசூர் ரோஜா இந்தியப் பூதான் என்ற பதில் பிப்ரவரி பதினைந்தாம் தேதி வந்து சேர்ந்தது.