அடிக்கட்டையின் பட்டை

எங்கள் ஊர் நிழற்குடையில் எழுதியிருந்த பெயரின் மேல் யாரோ தார் பூசியிருந்தார்கள். காலை டவுன் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பார்த்தேன். பெயரை மட்டும் அழித்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்த ‘செயலாளர்’ என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தார்கள். பூசியவனுக்கு அவசரம் போலிருக்கிறது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வனத்துறையின் தைலமரக் காட்டில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் போன எங்களில் ஒருவர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் அவர்; ஆண்களுக்குச் செயலாளர், பெண்களுக்குச் செயலாளரண்ணன். எங்களுக்குத் தெரிந்த பெயர் சுவரில் இருக்கிறதே, பிறகென்ன என்று பஸ் ஏறிவிட்டேன். கந்தர்வகோட்டையில் இறங்குவதற்குள் கோபம் வந்துவிட்டது.

அவர் இறந்து நான்கு வருடமாகிறது. அந்தப் பெயரை முறைப்படி எடுத்துவிட வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் வரப்போவதாக அடுத்த வாரமே பேச்சு வந்தது. கொண்டுவருகிறவன் வேறு யாருமில்லை, என்னோடு ஜோடி சேர்ந்து பட்டை உரித்த மதினியின் மகன். விவசாயம் படித்துவிட்டு ஊரிலேயே கடலையும் முந்திரியும் போடுகிறவன். நல்ல பையன். “ஊருத் தண்ணிய மரத்துக்குக் குடுத்த ஆளு பேரு நம்ம ஊரு நிழல்ல எதுக்கு இருக்கணும் அத்தை?” என்று என்னிடமே கேட்டான். அதே வாரத்தில் சங்கத்தின் மிச்ச சொச்ச ஆட்கள் வந்து, நினைவு மலர் போடுகிறோம், “நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கம்மா” என்றார்கள். ஒரு பக்கம் அவரைத் தாரில் முக்குகிறார்கள், இன்னொரு பக்கம் பன்னீரில் குளிப்பாட்டப் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிடிக்காததைத்தான் நான் எழுதப் போகிறேன்.

செயலாளரண்ணன் பெரிய பேச்சாளர் இல்லை. மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், கேட்கிறவர்களுக்குத்தான் கால் கடுக்கும். வாய் நிறையப் புகையிலை, மூக்கு நுனியில் கோபம். ஆனால் அதிகாரியின் அறைக்குள் போனால் உட்காரவே மாட்டார். நாற்காலியைக் காட்டினால், “என் ஆளுக நிக்கிறாங்கள்ல, எனக்கு மட்டும் எதுக்கு?” என்பார். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு, நிற்கிற ஆளை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிடும். அவர் வருவதற்கு முன்னால், நாங்கள் உரித்த பட்டையை நாங்கள் தொடக்கூடாது. வனக்காவலர்கள் வீட்டு அடுப்புக்கு நாங்களே சுமந்துபோய்ப் போட வேண்டும். ஒருநாள் பட்டை ஏற்றிய வண்டிக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். “உரிச்சவளுக்குத்தான் பட்டை” என்ற ஒரே வாக்கியத்தை அன்று பொழுது சாயும்வரை சொன்னார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் விறகுக்கு யாரிடமும் போய் நின்றதில்லை.

பட்டை உரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரம் விழுந்த அன்றைக்கே உரித்துவிட வேண்டும். ஈரம் போனால் பட்டை கட்டையைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் அருவாளுக்கும் அசையாது. ஒரு கட்டைக்கு இரண்டு பேர். ஒருத்தி கீறி நெம்ப, இன்னொருத்தி கட்டையை உருட்டிக் கொடுப்பாள். பழகிவிட்டால் முழ நீளத்துக்குச் சீலை அவிழ்வதைப்போல வரும். இதில் ஒரே ஒரு விதிதான். வெட்டிய பிறகு நிலத்தில் நிற்கிற அடிக்கட்டையின் பட்டையில் நகம்கூடப் படக்கூடாது. அந்தப் பட்டைக்கு உள்ளேயிருந்துதான் மறுதுளிர் வெடிக்கும். அதுதான் அடுத்த வெட்டுக்கான மரம். பட்டை போனால் கட்டை செத்தது. வேலைக்கு வருகிறவளுக்கு முதல்நாள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். நேற்று வந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

மதினி மகன் சொல்வதில் பொய் இல்லை. கண்மாய்க்கு மேலே இருந்த மேட்டுக்காடு முழுக்கத் தைலமரம். பெய்கிற மழை வெளியே போகாதபடி காட்டைச் சுற்றி வரப்புப் போட்டிருந்தார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துவாரியில் தண்ணீர் வந்து பல வருடமாகியிருந்தது. விவசாயிகள் மரத்தை எடு என்று கேட்டபோதெல்லாம் செயலாளரண்ணன் எழுந்து, “மரம் போனா என் ஆளுக எங்கிட்டுப் போவாங்க?” என்று கத்தினார். ஒருமுறை இருமுறை அல்ல, வருடக்கணக்காகக் கத்தினார். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அது தப்புத்தான். மலரில் இதைப் போட மாட்டார்கள், அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அவரைத் திருப்பியது எந்த விவசாயியும் இல்லை. மேட்டுக்காட்டில் வெட்டுத் தொடங்கிய வாரம், மதினி வேலைக்கு வெறுங்குடத்தோடு வந்தாள். ஊர்க்கிணற்றில் மொண்டால் சேறுதான் வந்தது. குடத்தை அவர் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, “அண்ணே, வேலை வாங்கிக் குடுத்தீங்க, பட்டை வாங்கிக் குடுத்தீங்க. குடிக்கத் தண்ணி எங்கிட்டு வாங்கித் தருவீங்க?” என்றாள். அவர் குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஊர்க்கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் பெண்களை மட்டும் கூப்பிட்டார். “அடிக்கட்டையில கைவச்சா என்ன ஆகும்னு ஆபீஸ்ல சொல்லிக் குடுத்திருக்காங்கல்ல. நான் ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்கே தெரியும்” என்றார். சொல்லிவிட்டுக் கண்மாய்க் கரையில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கட்டைகள் துளிர்த்தால் எங்களுக்குத்தான் அடுத்த வெட்டு வேலை. எங்கள் சோற்றில் நாங்களே மண்ணைப் போடுவதா? மதினிதான் முதலில் குனிந்தாள். அடிக்கட்டையைச் சுற்றி மண்ணைப் பறித்து, வேர் பிரிகிற இடம்வரை அருவாளை இறக்கி உரித்தாள். நான் அவள் ஜோடி, பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? வெட்டு முடிகிறவரைக்கும் அதே வேலைதான்.

மழை பெய்தும் மேட்டுக்காடு துளிர்க்கவில்லை. வனத்துறை ஆபீஸிலிருந்து விசாரணை வந்தது. வேண்டுமென்று செய்ததென்றால் வழக்கு, எல்லோருக்கும் வேலை போகும் என்றார்கள். செயலாளரண்ணன் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். ‘கூலிப்பெண்கள் அறியாமையால் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும்’ என்று இருந்தது. கையெழுத்துப் போடக் குனிந்த என்னைத் தடுத்தார். “எழுதத் தெரிஞ்சவங்களும் கைநாட்டே வைங்கத்தா. படிச்ச பொம்பளைகன்னு தெரிஞ்சா நம்ப மாட்டாங்க.” நான் பத்தாவது தேறியவள். மதினியோ மாலை வகுப்புக்கு ஓராண்டு அலைந்து, அப்போதுதான் தன் பெயரை எழுதப் பழகியிருந்தாள். கண்ட சுவரிலெல்லாம் கரியால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவள். மை தொட்டுப் பெருவிரலை வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து அழுதாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்தும் தாளை அடுத்தவளிடம் நீட்டினார்.

வழக்கு வரவில்லை. ஒரு பருவம் மட்டும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. அங்கே மறுபடி கன்று வைத்தார்கள், அது பிழைக்கவில்லை. கவனிப்பாரில்லாமல் வரப்பு இரண்டு மழையில் உடைந்தது. கண்மாய் ததும்பி வழிகிறது என்று கதை விட மாட்டேன். பெய்தால் வருகிறது, அவ்வளவுதான். வெளியே சொன்னால் வழக்கு எழும் என்பதால் நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டோம். பக்கத்து ஊர்த் தொழிலாளிகள் அவரை வெட்டுவேலையைக் காக்கத் தெரியாதவர் என்றார்கள், எங்கள் ஊர் விவசாயிகள் தண்ணீர்த் துரோகி என்றார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டே செத்தார். அதற்காக அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் எங்களை மடச்சிகள் என்று எழுதியதை நான் மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும்.

கிராமசபைக்குப் போனேன். பந்தலில் நல்ல கூட்டம். மதினி மகன் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டுக்காடு ஏன் துளிர்க்கவில்லை என்பதிலிருந்து கைநாட்டுவரை சொன்னேன்.

ஊராட்சித் தலைவர் பதறிப்போய், “வேணாங்கம்மா, இதெல்லாம் மினிட்ஸ்ல ஏறுனா வம்பு. ஆபீஸ்ல தெரியாமச் செஞ்சதுன்னுதானே இருக்கு, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்” என்றார். மதினி மகன் என்னை நம்பாமல் பார்த்தான். “நீங்க அவரு ஆளு அத்தை. அவரு பேரு நிக்கணும்னு இப்படிச் சொல்றீங்க. எங்கம்மா ஒருநாளும் இதைச் சொன்னதில்லையே.”

பின்வரிசையில் இருந்து மதினி எழுந்தாள். முழங்கால் வலிக்காரி, பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துத்தான் எழுந்தாள். “எந்தக் கட்டைய எதுவரைக்கும் உரிக்கணும்னு எனக்குத் தெரியாதாடா?” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. மகன் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பெயர் இருப்பதா போவதா என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளட்டும். வைத்தால் அவர் செய்த தப்பையும் சேர்த்து வைக்கட்டும், எடுத்தால் மேட்டுக்காட்டைப் பார்த்துவிட்டு எடுக்கட்டும். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. மினிட்ஸ் நோட்டை வாங்கி, மேட்டுக்காட்டு அடிக்கட்டைகளின் பட்டையைப் பெண்கள் அறிந்தே உரித்தார்கள் என்று எழுதினேன். வழக்குப் போடுகிறவர்கள் போடட்டும், எங்களுக்கு வயதாகிவிட்டது, வேலையைப் பிடுங்கவும் முடியாது. கீழே என் பெயரை இனிஷியலோடு எழுதிவிட்டு நோட்டை மதினியிடம் கொடுத்தேன். தலைவர் பழக்க தோஷத்தில் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். மதினி அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளிவிட்டு, பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.