மைக்கில் சொன்ன செருப்பு

விளம்பரம் எழுதும் வேலைக்கு எப்படிப் போவது என்று இதுவரை ஏழு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். என் மகள் அந்த வேலையில் இருப்பதால் எனக்கும் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவள் வேலை வாங்கிய கதை மட்டும்தான்.

தூத்துக்குடியில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி அவளுக்கு ஒரு தேர்வு வைத்தது. சொந்த ஊரில் ஏதாவது ஒரு கடைக்கு விளம்பரம் எழுதி, அதை அந்தக் கடைக்காரரைப் பயன்படுத்த வைத்து, நடந்ததைப் பதினைந்து நாளில் எழுதி அனுப்ப வேண்டும். தேறாவிட்டால் இரண்டு வேலையும் இல்லை. எனக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் செருப்புக்கடை வைத்திருக்கிறார். ஐப்பசி மழைக்காக ரப்பர் செருப்பு இறக்கியிருந்தார். 'மழையிலும் கழற்ற வேண்டாம்' என்று என் மகள் எழுதினாள். மூன்றே வார்த்தை. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஈரக் கரிசலில் செருப்பு போட்டு யாரும் நடக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், அறுபத்தொன்பது வருஷமாக இந்த மண்ணில் நடக்கிற எனக்கும் தெரியும். இருவருக்குமே அது தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் நாங்கள் கடையில் இருக்கும்போது, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் ஒற்றைச் செருப்பு. அடியில் நான்கு விரல் கனத்துக்கு மண்.

"ஏ பாயி, ஒம்ம மைக்க நம்பி மொளகாக் காட்டுக்குள்ள போட்டுட்டுப் போனேன். இன்னொண்ணு அங்கனயே பொதைஞ்சு கெடக்கு. மொளைக்குதான்னு பாப்போம்."

கடையே சிரித்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மகள் மட்டும் அந்த அம்மாளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"எப்பவும் எப்படிப் போவீங்க, அத்தை?"

"வரப்பு வரைக்கும் கால்ல, அதுக்கு மேல கையில. வேற எப்படிப் போவாவ?"

"அப்புறம் எதுக்கு மழைக்குன்னு ஒரு செருப்பு?"

"கரையேறிக் கழுவிட்டு பஸ் ஏறணும்லா? மத்த செருப்புல தண்ணி நின்னு சளக்கு சளக்குங்கும்."

பாய் அவருக்குப் புது ஜோடி கொடுத்தனுப்பினார். மகள் அங்கேயே உட்கார்ந்து வேறு எழுதினாள்: 'காட்டுக்குள்ள கையில தூக்கிக்கோங்க. கரையேறிக் கழுவி மாட்டிக்கோங்க. தண்ணி நிக்காது.' எட்டு வார்த்தை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"செருப்பக் கையில தூக்குன்னு எந்தக் கடைக்காரனாவது சொல்லுவானா, தாயி?" என்றார் பாய்.

"முன்ன சொன்னதுக்குத்தான் சிரிச்சாங்களே, மாமா. இதையும் நாலு நாள் சொல்லிப் பாப்போம்."

நான் தினமும் போய் எண்ணினேன். மைக்கில் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னவர்கள் முதல் நாள் நான்கு பேர், நான்காம் நாள் பதினொரு பேர்.

"இந்தப் பதினொண்ண மட்டும் எழுது. ஒத்தச் செருப்ப எழுதித் தொலைக்காத" என்று மகளிடம் சொன்னேன்.

"அதை விட்டா மிச்சம் என்னப்பா இருக்கு?" என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டாள்.

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒத்தைச் செருப்புதான் கெடுத்தது என்று வீட்டில் எத்தனை தடவை சொன்னேனோ, அதை மட்டும் நான் எண்ணவில்லை. பத்தாம் நாள் காலையில் போன் வந்தது. அவள் பேசப் பேச அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது எனக்கே கேட்டது. பதினான்கு நிமிடம்.

"அந்த அத்தை சொன்னதை ரெண்டு தடவை சொல்லச் சொன்னாங்கப்பா. திங்கக்கிழமை வந்து சேரணுமாம்."

கட்டிலில் உட்கார்ந்து, ஏதாவது டிபன் இருக்கிறதா என்று கேட்டேன். ஆறு இட்லி சாப்பிட்டேன்.