தறி ஓடாத தெருவில் பதினொரு நிமிடம்

ஆரணிக்கு நான் இருமுறை சென்றேன்: 2007 பிப்ரவரி 17, சனிக்கிழமை, அதே ஆண்டு ஆகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை. முதல் முறை, ஓய்வுபெற்ற நண்பர்கள் பதினான்கு பேராக, பட்டு நெசவைப் பார்க்க. இரண்டாம் முறை தனியாக, அன்று எடுத்த புகைப்படங்களை நெசவாளர் ஏழுமலையிடம் கொடுக்க. தபாலில் அனுப்பினால் மடங்கிவிடும் என்பதால் நேரில் போனேன்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஆரணி சுமார் நாற்பது கிலோமீட்டர். (சுமார் என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை, வழியில் இரண்டு மைல்கற்களைக் காணவில்லை.) இரண்டாம் முறை காலை 6.50 பேருந்து, கட்டணம் பன்னிரண்டு ரூபாய், 8.15க்கு இறங்கினேன்.

முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா முகவர் அச்சடித்துத் தந்த நிரலில் "10.30 – நெசவாளர் இல்லம்" என்றிருந்தது. சரியாகப் போய்ச் சேர்ந்தோம். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. நான்காவது வீட்டின் முன் பந்தல், உள்ளே சாவு.

ஏழுமலை கைகூப்பினார். "ரெண்டு மணிக்கு எடுத்துடுவாங்க சார். அப்புறம் ஓட்டிக் காட்டறேன். எடுக்கற வரைக்கும் இந்தத் தெருவுல தறி ஓட்டக் கூடாதுங்க."

முகவர் தயங்கினார். தயங்காதவன் நான்தான். நிரலை விரித்துக் காட்டி, "இரண்டு மணிக்கு நாங்கள் வேலூரில் இருக்க வேண்டும். தறி பார்க்கத்தான் வந்தோம்" என்றேன். அவர் என்னையும் நான்காவது வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தறிக்குழியில் இறங்கினார்.

பதினொரு நிமிடம் ஓட்டினார். முடிந்ததும் நாங்கள் கைதட்டினோம். வாசலில் தலைவிரிகோலமாக ஒரு பெண் வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பினாள். இறந்தவரின் மகள் என்று முகவர் கூறினார். அதன்பின் அதை நான் நினைக்கவில்லை. ஆறு மாதம் நினைக்கவில்லை.

ஆகஸ்டில், பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் ஏழுமலையின் பெயரைச் சொன்னேன்.

"யாரு, சாவுல தறி ஓட்டுனாரே, அவரா? அந்த ஊட்டுக்கு யாரும் போறதில்லீங்க. வேன்ல வர்றவங்கதான் வந்துகினு போய்கினு கீறாங்க. இன்னிக்குப் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் வேற. மனுசன் பேஜாராயிட்டாரு."

கட்டணம் இருபது ரூபாய். அந்தத் தெருவில் பந்தக்காலைத் தெருக்காரர்கள் ஐவர் சேர்ந்து பிடித்து நட வேண்டும். நல்ல நேரம் ஒன்பது முதல் பத்து. நான் சேர்ந்தபோது 8.40. குழி தோண்டியாகிவிட்டது, மஞ்சள் பூசிய மூங்கில் சுவரில் சாய்ந்திருந்தது. எல்லா வீடுகளிலும் தறிகள் ஓடின. ஒருவரும் வெளியே வரவில்லை. ஏழுமலை புகைப்படங்களை வாங்கி, பார்க்காமலே உள்ளே வைத்தார்.

9.20க்கு நான்காவது வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம், அன்று வற்புறுத்தியவன் நான், பழி என்னுடையது என்றேன். அவள் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சார்? வந்தீங்க, போனீங்க. உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும் இல்ல? அவங்கப்பா செத்தப்போ எங்கப்பா மூணு நாள் தறியில உட்காரல."

"திருமணத்துக்காவது..."

"தண்ணி குடிங்க சார்."

திரும்பி வந்தேன். 9.45க்கு முகவரின் வேன் வந்தது. இறங்கியவர்கள் மூங்கிலைக் கண்டதும் கேமராவை எடுத்தார்கள். முகவர் ஏழுமலையிடம் மெல்ல, "கல்யாணத்தன்னிக்கும் ஒரு வேன் கூட்டியாரட்டுமாண்ணே? சடங்குன்னா ஆசையா பார்ப்பாங்க" என்றார்.

ஏழுமலையின் மனைவி மல்லிகா முந்திக்கொண்டார்: "கூட்டியாப்பா. போட்ட பந்தியில உட்காரவாவது ஆளு வேணாமா?" பிறகு கணவரிடம், "ஜல்தி ஆவட்டும்யா. பத்தரைக்கு ராகு காலம். இவங்களையே புடிக்கச் சொல்லு" என்றார்.

எனக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர், முகவர், பெயர் தெரியாத பயணிகள் இருவர், நான். ஐவர் சேர்ந்து நட்டோம். நேரம் 9.56. மற்ற பயணிகள் கைதட்டினார்கள்.

செல்லவிருப்போருக்கு: வேலூருக்குக் கடைசிப் பேருந்தை நம்பாமல் மாலை ஆறுக்குள் கிளம்புங்கள். கையில் குடிநீர் வைத்திருங்கள். தெருவில் தறிகள் ஓய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள். சாவு என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். வீட்டுக்காரர் பரவாயில்லை என்றாலும் ஏற்காதீர்கள். வந்தவரிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நாம் கிளம்பிய பின்னும் அவர் அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

திருமணம் ஆகஸ்ட் 30, வியாழக்கிழமை. ஏழுமலை எனக்கும் அழைப்பிதழ் தந்திருந்தார். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் இனியும் ஒருவனாக நிற்பது தகாது என்று முடிவு செய்து, போகாமல் இருந்துவிட்டேன். மறுநாள் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னேன்.

"வேன்ல இருபத்திரண்டு பேரு வந்தாங்க சார்" என்றார். "தெருவுல இருந்து ஒருத்தரும் வரல. வெளியூர்ல நான் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்களாவது வருவீங்கன்னு வாசல்லயே நின்னுகினு இருந்தேன்."