கோமதி அக்காவின் முப்பத்திரண்டு டிகிரி

கோமதி அக்கா காலமாகிவிட்டார் என்று சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். சொல்லிவிட்டு, "அஞ்சலிக் கூட்டத்துல நீங்கதான் பேசணும் அங்கிள். ஆனா யாரையும் அழ வைக்கக் கூடாது" என்றாள். அக்கா பெற்ற பிள்ளை வேறு எப்படிப் பேசுவாள்! ஆகவே, அவரை அறிந்த உங்களுக்கு ஓர் உப்பின் கதையைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில், சலவைத்தூள் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருவரும் வேலை செய்தோம். அவர் மதுரைக்காரர், நான் யாழ்ப்பாணத்தான். அங்கே மூட்டை மூட்டையாக வந்திறங்கும் சோடியம் சல்பேட் என்ற உப்பு. அது தானாக அழுக்கைப் போக்காது; தூள் கட்டிபிடிக்காமல் உதிரியாகக் கொட்ட உதவும். வெறும் இட்டுநிரப்பி என்று நான் இளக்காரமாகச் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். உருகிய கண்ணாடியில் குமிழ் போக்குவது யார், துணியில் சாயம் திட்டுத்திட்டாகாமல் சீராக ஏறச் செய்வது யார் என்று அந்த உப்புக்காக வக்கீல் மாதிரி வாதாடினார். "அது தன்னைக் காட்டிக்காது தம்பி. அடுத்தவங்களை ஒழுங்கா வேலை செய்ய வைக்கும்" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் மனைவி வசந்தி கல்யாணமாகி வந்து சேர்ந்தாள். பகலெல்லாம் வீட்டில் தனியே இருந்தாள். பேச்சுக்கு ஓர் ஆள் இல்லை. தோசைக்கு அரைத்த மாவும் புளிக்காமல் விறைத்துக் கிடந்தது. ஒருநாள் அந்தச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு, "குளிர் முடிய நான் ஊருக்குப் போறன். நீங்கள் இருங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். நிதானமாகச் சொன்னாள். மறுநாள் அக்காவிடம் மாவைப் பற்றி மட்டும் சொன்னேன். மிச்சம் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை அக்கா ஒரு பிக்னிக் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். சோடியம் சல்பேட்டை வெந்நீரில் கரைத்து டின்களில் அடைத்துப் பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் மாவுச் சட்டியை வைத்தார். நீரோடு சேர்ந்த இந்த உப்பு முப்பத்திரண்டு டிகிரியில் உருகும். ஆறும்போது அதே சூட்டில் நின்று, வாங்கிய வெப்பத்தை மெல்ல விட்டுக்கொண்டே உறையும். "உங்க யாழ்ப்பாணத்து வெயிலை டின்ல அடைச்சாச்சு" என்றார்.

மாலையில் திறந்தால் உப்பு உறையாமல் திரவமாகவே ஆறிக் கிடந்தது. மாவும் அசையவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த சனி, உறைவதைத் தொடங்கிவைக்கக் கொஞ்சம் போராக்ஸ் கொண்டுவந்தார். அன்று உப்பு பாதி அடியில் படிந்து, சூடும் பாதிதான் வந்தது. அதற்கடுத்த சனி, டின்களை அடிக்கடி புரட்டி வைக்க வேண்டியிருந்ததால் அக்காவும் வசந்தியும் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து நாளெல்லாம் கதைத்தார்கள். வசந்தி வெள்ளிக்கிழமையே, நாளைக்கு அக்கா வருவா என்று பாடிக்கொண்டு உளுந்தைத் தேடத் தொடங்கியிருந்தாள். கடைசியில் ஒரு சனி, மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் கைகோத்துக் குதித்தார்கள். முதல் தோசை கருகியது. யாருக்குக் கவலை!

குளிர் முடிந்தது. வசந்தி ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் மிஞ்சிய மாவை, சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலுமாரியில் மறதியாக வைத்துவிட்டாள். எந்த உப்பும் இல்லாமல் அது ஜம்மென்று பொங்கியிருந்தது. பெரிய கண்டுபிடிப்புச் செய்தவர்கள் போல அக்கா வீட்டுக்கு ஓடினோம்.

"தெரியுமே. நானும் அங்கதானே வைக்கிறேன்" என்றார் அக்கா.

வசந்தி திகைத்துப்போனாள். "அப்ப ஏன் அக்கா இவ்வளவு கரைச்சல் பட்டனீங்கள்?"

"அதைச் சொல்ல ஒரு போன் போதும் வசந்தி. வாராவாரம் உன் வீட்டுக்கு வர எனக்கு ஒரு காரணம் வேணாமா?"

வசந்தி போகவில்லை. எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில்தான் பிறந்தார்கள். அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. நாங்கள் இருக்கும் கிளென் வேவர்லிக்குப் புதிதாக வந்த யாராவது, இன்னது சரிவரவில்லை என்று சொன்னால், சுலபமான வழி தெரிந்தாலும் போனில் சொல்வதில்லை. இருப்பதிலேயே கஷ்டமான வழியைத் தூக்கிக்கொண்டு நானும் வசந்தியும் நேரே போய்விடுகிறோம்.