சாக்கில் எழுதிய நாற்பது

1989-இல் அந்த வாரம் முழுக்க ஞானசெல்விக்குக் கம்ப்யூட்டரோடு போராட்டம்தான். தேனியில், வைகுண்டராஜ் அண்ணாச்சியின் ஏலக்காய்க் கடையில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கடையில் ஒரு கம்ப்யூட்டர், பின்னாலிருக்கும் குடோனில் புதிதாக ஒன்று, நடுவே ஒரு கறுப்புக் கேபிள். குடோனில் இறங்கும் சரக்கு கடையில் தெரிய வேண்டும். இரண்டுமோ பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

திங்கட்கிழமை, ஏலக்காய்த் தூசியில் இருமிக்கொண்டே அவள் கேபிளோடு மல்லுக்கட்டுவதை அண்ணாச்சி பார்த்தார். "சனிக்கிழமைக்கு மேல நீ இங்கன உக்கார வேண்டாம்மா" என்றார். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

வேலைக்குச் சீட்டு கிழிந்தது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் சண்டை போட்டு, மதுரையில் படித்து வாங்கிய வேலை. கேபிளைக் கழற்றி மாட்டினாள். சோதனை பிளாப்பியைப் போட்டால், செய்தி போகிறது, வருகிறது என்றுதான் காட்டியது. ஆனாலும் ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியவில்லை. வியாழக்கிழமை மனசு விட்டுப்போய் அப்பா பலவேசத்திடம் சொன்னாள்: "அந்தப் போடிக்காரவுகள ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரச் சொல்லுங்கப்பா." அந்த வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்த மனிதர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை குடோனில் சத்தம். காய் பொறுக்கும் மாயக்காள், குமுளியிலிருந்து வந்த மூட்டையொன்றை ஓரமாகத் தள்ளியிருந்தாள். கொண்டுவந்த லாரிக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"சாக்குல பேருக்குக் கீழ நாம எழுதுறது ரகம், ஆத்தா" என்றாள் மாயக்காள், ஞானசெல்வியிடம். "எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்.னு. இதுல நாப்பதுன்னு போட்டிருக்கு. நாப்பது எம்.எம்.ல ஏலக்கா உண்டுமா? உள்ள நெல்லிக்காதான் இருக்கும்."

குமுளிக்காரர்கள் அதே இடத்தில் எடையை எழுதுவார்களாம், நாற்பது என்றால் நாற்பது கிலோ என்றார் லாரிக்காரர். உள்ளே இருந்தது நல்ல காய்தான்.

ஞானசெல்வி கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைத் தேடி ஓடினாள். கேபிளில் போகும் ஒவ்வொரு செய்தியையும் ஓர் உறைக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். அதற்குப் பிரேம் என்று பெயர். மேலே பெறுபவர் முகவரி, அனுப்புபவர் முகவரி, அடுத்து ஓர் எண். ஒருவகைப் பிரேமில் அந்த எண் செய்தியின் நீளம். 'ஈதர்நெட் டூ' என்ற வகையில் அதே எண், உள்ளே இருப்பது என்ன ரகம் என்று சொல்வது. கடைக் கம்ப்யூட்டர் முதல் வகை, குடோன் கம்ப்யூட்டர் இரண்டாவது வகை. ஒன்று அனுப்பியதை மற்றது சத்தமில்லாமல் ஒதுக்கிக்கொண்டிருந்தது. குடோனில் வகையை மாற்றி மறுபடி ஓடவிட்டாள். திரையில் கடையின் பெயர் வந்தது. அழுதேவிட்டாள்.

சனிக்கிழமை அண்ணாச்சி திரையைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லது. சாமான எடுத்துக்கம்மா. இங்கன உக்கார வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்ல."

அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள்.

"மாடியில ரூம்பு பூசியாச்சு. இந்தத் தூசியில மெஷினும் கெட்டுப்போகும், நீயும் இருமியே செத்துப்போவ."

திங்கட்கிழமை சொன்னதும் இதைத்தான். சந்தோஷப்படக்கூட நேரமில்லாமல் வீட்டுக்கு ஓடினாள். அடுப்படியில் அம்மா முறுக்குச் சுடும் வாசனை. அப்பா இரவல் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவுக நாளைக்கிச் சும்மா பாக்க வரல, செல்வி. உறுதி பண்ணவே வாராக. நீயே வரச் சொன்னன்னு கேட்டதும் அம்புட்டுச் சந்தோசம் அவுகளுக்கு."

ஞானசெல்வி அப்படியே படியில் உட்கார்ந்தாள்.