ஏரிக்கரைத் தவறணை

எங்கள் ஊர் திருகோணமலையில் சாராயம் விற்கும் தவறணை இருக்கும் தெருவால் பெண்கள் போகமாட்டார்கள். சுற்றிப் போவார்கள். மொன்றியலுக்கு அகதியாக வந்த இரண்டாவது கோடையில் நான் ஞாயிறு தவறாமல் ஒரு தவறணைக்குப் போனேன். கணவரோடும் மகளோடும், குடும்பமாக, சாப்பாட்டுப் பெட்டியும் கட்டிக்கொண்டு.

அதற்குக் காரணம் ஒரு கார். என் கணவர் ஊரில் பஸ் சாரதி. இங்கே லொங்குய்யில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் கழிவறை கழுவினார். பியர்பொன்ட்ஸில் நெடுங்காலமாக இருந்த தமிழ்நாட்டு எஞ்சினியர் ஒருவர் புதுக் கார் வாங்கியபோது பழையதை எங்களுக்குத் தந்தார். "ஓடற வரைக்கும் ஓட்டுங்க சார்," என்று சொல்லி வாசலில் நின்று கையசைத்தார். கதவு ஒன்று திறக்காது. குளிருக்குச் சூடு வராது. ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் என் கணவரின் முதுகு நிமிர்ந்தது. நாடு விட்ட பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறே, "வெளிக்கிடுங்கோ, நாடு பாத்திட்டு வருவம்," என்றார்.

நகரத்துக்கு வடக்கே போகப் போக வீடுகள் குறைந்து மலைகள் வந்தன. சோளக் காணிகள், வெள்ளைக் கூம்பு வைத்த தேவாலயங்கள், தெருவோரத்தில் ஸ்ட்ரோபெரி விற்கும் பலகைகள். பாணும் சீனிச்சம்பலும் கட்லட்டும் கொண்டுபோனோம். ஒரு ஏரியோரம் மரநிழலில் விரித்துச் சாப்பிட்டோம். மகள் தண்ணீரில் காலை வைத்துக் கூச்சலிட்டாள். கணவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். வெயில் சாயத் தொடங்கியதும் எழுந்து, "ஒரு சோடா குடிச்சிட்டுப் போவம்," என்றார்.

ஏரிக்கரையில் மரத்தாலான ஒரு பெரிய வீடு. முன்னால் தண்ணீருக்கு மேல் நீட்டிக் கட்டிய பலகைத் தளம், அதில் மேசைகள், பூச்சட்டிகள். பலகையில் எழுதியிருந்ததை மகள் எழுத்துக் கூட்டி 'தவேர்ன்' என்று வாசித்தாள். பிரெஞ்சில் சொன்னாலும் அது எங்களுடைய தவறணைதான்.

"பொம்பிளையள் வாற இடமோ?" என்று கேட்டேன்.

"இது வேற மாதிரி. அங்க பார், எல்லாரும் குடும்பமாத்தான் இருக்கினம்."

உண்மைதான். பிள்ளைகள் பூட்டின் என்ற உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டார்கள், தகப்பன்மார் பியர் குடித்தார்கள், தாய்மார் கால்மேல் கால் போட்டுச் சிரித்தார்கள். எல்லாருடைய நாற்காலியும் தண்ணீரைப் பார்த்திருந்தது. எதிரே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, ஏரி முழுதும் செம்பு பூசியதுபோலக் கிடந்தது. என் கணவர் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஏரிக்கு முதுகைக் காட்டி, நாங்கள் வந்த தெருவைப் பார்த்தபடி இருந்து குடித்தார்.

தவறணையை நடத்தியவர் ஒரு பெரிய உடம்புக்காரி. ஐம்பது வயதிருக்கும், சிகரெட்டில் கரகரத்த குரல். நாங்கள் அவரை மதாம் என்றோம். "எல்லாரும் ஏரியைப் பாக்கத்தான் இஞ்ச வருகினம், உன்ர அப்பா ஏன் லொறியளைப் பாக்கிறார்?" என்று மகளிடம் பிரெஞ்சில் கேட்டாராம். மகள் வந்து எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் போனது. எங்கள் கட்டடத்தில் இருந்த சனம் பொறாமைப்பட்டது. "உன்ர மனுசன் தங்கம். ஞாயிறெண்டால் உங்களை உலகம் காட்டுறார். எங்கட ஆக்கள் குறட்டைதான்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவளிடம் எதைச் சொல்ல? அவர் கத்துவதில்லை, அடிப்பதில்லை, தள்ளாடுவதும் இல்லை. ஒன்று முடிய இன்னொன்று, சத்தமில்லாமல் குடிப்பார். மதாம் போத்தலை வைக்கும்போதெல்லாம் நன்றிக்கு "மெர்சி" என்பார். நான் ஏதும் கதைத்தால் "ம்" என்பார். மகள் ஏரியில் வாத்தைக் காட்டினால் திரும்பமாட்டார். நானும் மகளும் உலகத்திலேயே அழகான இடத்தில் இருந்துகொண்டு, அவர் போதும் என்று எழும்புவதற்காகக் காத்திருந்தோம். அந்த அழகின்மேல் எனக்கு வெறுப்பே வந்துவிட்டது. செவ்வானம் கண்டால் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டத் தொடங்குவேன். இனி இருட்டில் அந்த மலைத்தெருவால் திரும்பிப் போகவேண்டுமே.

ஏன் குடிக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய தம்பியை ஊரில் ஆமி சுட்டது. அதுவும் இவர் ஓட்டிய பஸ்ஸிலிருந்து இறக்கித்தான் சுட்டது. காட்டுத் தெருவில் மறித்து, இளம் பெடியளை இறக்கி, பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். கொஞ்சத் தூரம் போனதும் சத்தம் கேட்டதாம். இவ்வளவும் ஊர் அறிந்த கதை. அதற்குமேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிய காலம் அது. நேரத்தோடு இருட்டிவிடும். அன்று அவர் வழக்கத்தைவிடக் கூடக் குடித்தார். "குடிச்சது காணும், வாங்கோ," என்று நான் கையைப் பிடித்து எழுப்பவேண்டி வந்தது. மதாம் கதவடியில் நின்று, "ஓட்டுவாரா?" என்று சாடையால் கேட்டார். இவர் "மெர்சி, மெர்சி" என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறினார்.

குடித்தால் அவர் வேகமாக ஓட்டுவதில்லை. மிக மெதுவாக, பஸ் நிறையச் சனம் இருப்பதுபோல ஓட்டுவார். அன்று பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்து அடித்து முந்திப் போயின. பிறகு ஒரு கார் முந்தவில்லை. பின்னாலேயே வந்தது. திடீரென்று சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் எங்கள் காருக்குள் சுழன்றது.

"பொலிஸ். ஓரமா நிப்பாட்டுங்கோ," என்றேன்.

நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். காருக்குள் லைட்டைப் போட்டார். ஊரில் சோதனைச் சாவடி கண்டால் சாரதிமார் அப்படித்தான் செய்வார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். பொலிஸ்காரர் கதவைத் திறப்பதற்கு முன்னமே இவர் இறங்கிவிட்டார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போய், தெருக்கரைக் கல்லில் முழங்காலில் நின்றார்.

இரண்டு பொலிஸ்காரர், ஒருவர் இளையவர், மற்றவர் நரைத்தவர். இளையவர் திகைத்து, கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். என்னவோ அதட்டினார். அதைக் கேட்டதும் என் கணவர் கதைக்கத் தொடங்கினார். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. சிங்களம்.

"மாத்தயா, மாத்தயா," என்று கும்பிட்டார். "மகே மல்லி நெவெய், மாத்தயா. மகே மல்லி நெவெய்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தளவு சிங்களம் தெரியும். என்ர தம்பி இல்லை, ஐயா. என்ர தம்பி இல்லை.

காரை விட்டு இறங்கினேன். மகளும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நரைத்தவர் அவளைப் பார்த்து, பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் ஏதோ கேட்க, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்பா என்ன சொல்லுறார் எண்டு கேக்கினம். எனக்கு விளங்கேல்ல. இது என்ன பாசை?"

அவள் முகத்தில் அந்தச் சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போனது. பால்பல் விழுந்து முளைக்கிற வயது.

"பயமாயிருக்கு எண்டு சொல்லுறார்," என்றேன். "அப்பாக்குப் பயமாம் எண்டு சொல்லு, பிள்ளை."

அவள் சொன்னாள். நரைத்தவர் தன் தொப்பியைக் கழற்றி இளையவரிடம் கொடுத்துவிட்டு, என் கணவருக்கு முன்னால் குந்தினார். தோளில் கையை வைத்தார். இவர் அந்தக் கையைக் கண்டதும் தலை குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெடிக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். வெடி விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தெருவிலேயே சரிந்து அழுதார்.

அவரைத் தங்கள் காரில் கொண்டுபோனார்கள். குடித்துவிட்டு ஓட்டியது குற்றம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் விலங்கு போடவில்லை. என்னையும் மகளையும் தவறணையில் இறக்கிவிட்டார்கள். மதாம் மகளுக்குச் சூடான சொக்லட் கொடுத்தார். பிறகு கடையை வேலைக்காரியிடம் விட்டுவிட்டு, தன்னுடைய வண்டியில் எங்களை மொன்றியலுக்கு ஏற்றி வந்தார். வழியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

"என்னவாம்?"

"அப்பா ஒவ்வொருமுறையும் மெர்சி சொல்லுறவராம். சந்தோசமான ஆள் எண்டு தான் நினைச்சவவாம்," என்றாள் மகள். அதோடு என் மடியில் நித்திரையாகிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். முழங்கால் இரண்டிலும் காற்சட்டை கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நான் நேற்று என்ன சொன்னனான்?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதோ?"

"கொஞ்சம் தெரியும். நீ சொல்லு."

"தம்பி இல்லையெண்டு சொன்னீங்கள்."

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கீழே யாரோ குப்பைத்தொட்டி இழுக்கிற சத்தம். பிறகு அவராகவே சொன்னார்.

"இறக்கினவுடன அவன் சொல்லிப்போட்டான், டிரைவர் என்ர அண்ணை, கேட்டுப் பாருங்கோ எண்டு. ஒருத்தன் என்னட்டை வந்து கேட்டான். முகம் ஒரே மாதிரிக் கிடக்கு, உன்ர மல்லியோ எண்டு. நான் இல்லையெண்டிட்டன்."

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஓம் எண்டால் என்னையும் இறக்கியிருப்பாங்கள். பஸ்ஸில பிள்ளையள், கிழவியள். ஆர் ஓட்டுறது? அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரியிறன்." தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆனா பேந்து யோசிச்சுப் பிடிச்ச கதை அது. அந்த நேரம் நான் சனத்தை நினைக்கேல்ல. ஒருத்தரையும் நினைக்கேல்ல."

"தம்பி?"

"அவன் கேட்டுக்கொண்டு நிண்டவன். என்னைப் பாத்தான். பாத்திட்டு அவங்களிட்டைச் சொன்னான், ஓம் மாத்தயா, நான் பொய்தான் சொன்னனான், எனக்கு இவரை ஆரெண்டு தெரியாது எண்டு."

அதைச் சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போய்க் குழாயில் முகம் கழுவினார். நெடுநேரம் கழுவினார். நான் ஆறிய தேத்தண்ணியைக் கொட்டிவிட்டு வேறு வைத்தேன். அவர் மீது கோபம் வரும் என்று காத்திருந்தேன்; வரவில்லை. இரக்கமும் வரவில்லை. அவர் ஓட்டிய அந்த பஸ்ஸில் நானே பயணியாக இருந்ததுபோல ஒரு நடுக்கம் மட்டும் நெடுநாள் இருந்தது.

லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். கார் அந்த மலைப்பக்கத்திலேயே பழைய இரும்புக்காரனிடம் போனது. குடி நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வீட்டுக் குசினி மேசையில் இருந்து குடித்தார்.

எங்கள் அகதி விசாரணை அடுத்த மாரியில் வந்தது. பனி கொட்டிய ஒரு காலை. நீண்ட மேசை, தண்ணீர்க் குவளை, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். எங்கள் லோயர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: தம்பியின் சாவைச் சொல்லவேண்டும், அதுதான் முக்கியம். ஆனால் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். "பஸ்ஸில இருந்து இறக்கிச் சுடப்பட்டவர் உங்களுக்கு என்ன முறை?"

சாதாரணக் கேள்வி. என் கணவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அதிகாரி காத்திருந்தார். லோயர் என்னைப் பார்த்தார். மேசைக்குக் கீழே என் கணவரின் கை என் பக்கம் கிடந்தது, நான் பிடிக்கவில்லை. பிடித்தால் அவர் சொல்லமாட்டார் என்று ஏனோ தோன்றியது.

"தம்பி," என்றார். "என்ர தம்பி."

மொழிபெயர்ப்பாளர் அதை மாற்றிச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எங்களை ஏற்றுக்கொண்டார்கள் என்ற சேதி பிறகு வந்தது. அன்று அது தெரியாது. வெளியே வந்தபோது பனி நின்றிருந்தது. மெட்ரோ வாசலுக்கு எதிரே ஒரு பார் திறந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"நீ போ, நான் பேந்து வாறன்," என்றார்.

நான் மறிக்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நேரமாகியிருந்தது.